கச்சான் காற்றும் கிண்டி சிக்னலும்

தங்கச்சிமடம்

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே கச்சான் காற்று ஆரம்பித்துவிட்டது. பட்டறைத் தகரம் ராத்திரியெல்லாம் தடதடக்கிறது.

கிண்டி சிக்னல் புகையால் தலை கனக்கிறது என்று எழுதியிருந்தாய். கண்ணுக்குத் தெரியும் புகையைத்தான் நீ திட்டுகிறாய். அதோடு கலந்து வரும் விஷ வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. டீசல் எஞ்சினில் அது குறைவு, பெட்ரோல் எஞ்சினில்தான் அதிகம். ரத்தத்தில் ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். நல்ல காற்றுக்கு வந்த பிறகும் பாதி இறங்கவே நாலைந்து மணி நேரம் ஆகும்.

போன வாரம் ஒரு பழைய பைக் வந்தது. பிளக்கைக் கழற்றினால் முனை அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தது, விரலெல்லாம் மை. ஏர் பில்டர் முழுக்க மணல், காற்று வழியை அடைக்கிற சோக்கும் பாதி இழுத்தபடியே இருந்தது. காற்று போதாமல் பெட்ரோல் அரைகுறையாக எரிந்தால் வருவதுதான் இந்த வாயு. பில்டரை மாற்றி, காற்றும் பெட்ரோலும் கலக்கிற அளவை மாற்றும் மிக்சர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பியதும் எஞ்சின் சத்தமே மாறிவிட்டது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு பிஎஸ்-6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிகள் பெரும்பாலானவற்றில் திருப்ப ஸ்க்ரூவே இல்லை. ஊருக்கு நல்லது, என் பிழைப்புக்குத்தான் ஆகாது!

2025-ல் புது ரயில் பாலம் திறந்ததிலிருந்து பாம்பன் ரோட்டுப் பாலத்தில் போட்டோ எடுக்க வண்டியை நிறுத்துகிற கூட்டம் கூடிவிட்டது. எஞ்சினையும் அணைப்பதில்லை. அங்கே கடல் காற்று அடித்துக்கொண்டு போய்விடும், பரவாயில்லை. எனக்குப் பயமெல்லாம் அமாவாசைக்கு ராமேஸ்வரம் வருகிற டிரைவர்களை நினைத்துத்தான். கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டு, ஓடுகிற காரிலேயே தூங்குகிறார்கள். சைலன்சரில் ஓட்டை இருந்தால் அந்தத் தூக்கத்திலேயே போய்ச் சேர வேண்டியதுதான். கண்ணாடியைத் தட்டி எழுப்பினால் என்னைத்தான் முறைக்கிறார்கள்.

உன் தலைவலிக்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லமாட்டேன். கண்ணைக் காட்டு, பிரஷரையும் பார்த்துக்கொள். சிக்னலில் எஞ்சினை அணை, முன்னால் நிற்கும் வண்டியின் சைலன்சரை ஒட்டி நிற்காதே. அப்புறம், உன் பழைய வண்டியின் பிளக்கைக் கழற்றி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. நிறத்தைப் பார்த்து மிக்சர் எப்படி என்று சொல்கிறேன்.

உன் கூட்டாளி