முப்பது நாளில் மூடப்படும் டிக்கெட்டும் ஐம்பது நாளில் வரும் பிழையும்

சிப் நிறுவனத்தின் மென்பொருள் பிரிவினருக்கு,

வணக்கம். உங்கள் எஸ்டிகே-யோடு (சிப்புக்கு நீங்கள் தரும் மென்பொருள் தொகுப்பு) வரும் ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற சிறு சாதனங்களுக்கான இயங்குதளம் பற்றி நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டுக்கும் புகாருக்கான டிக்கெட் எண் கொடுத்தீர்கள். முப்பது நாள் அசைவில்லை என்று இரண்டும் தானாகவே மூடிக்கொண்டன. பிழை தலைகாட்டவே 49 நாள் 17 மணி நேரம் ஆகும் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேன். யாராவது படித்தீர்களா என்று கேட்கமாட்டேன்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த இயங்குதளத்தின் மையமான கெர்னலில் நீங்கள் கைவைத்த இடங்களை, மாற்றங்களை மட்டும் காட்டும் தனி பேட்ச்சாக வெளியிடுங்கள். எந்தப் பதிப்பின் மேல் கைவைத்தீர்கள் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

என் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். பேட்டரியில் ஓடும் பன்னிரண்டு வெப்பநிலைப் பதிவிகள். ஏழு வாரம் ஒரு குறையுமில்லை. அப்புறம் ஒரே நாளில் ஐந்து மட்டும் பதிவதை நிறுத்தின. பச்சை விளக்கு வழக்கம்போல் சிமிட்டிக்கொண்டிருந்தது. சாதனம் உறைந்தால் ரீசெட் செய்யும் வாட்ச்டாக்கும் குரைக்கவில்லை, வேறு வேலை இல்லாதபோது ஓடும் ஐடில் டாஸ்க்கிலேயே அதற்குத் தீனி போட்டு வைத்தது என் தவறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சென்சாரைப் படிக்கும் டாஸ்க் உறங்கப் போனது, எழவே இல்லை. ரீசெட் செய்தால் எல்லாம் சரி. மறுபடி பார்க்க வேண்டுமானால் இன்னொரு ஐம்பது நாள். காத்திருந்தேன். இரண்டாவது முறை நின்றவை மூன்று, அதுவும் வேறு மூன்று.

மில்லி விநாடிக்கு ஒன்றாக ஏறும் 32 பிட் டிக் எண்ணி 49.7 நாளில் நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்பும். இது கெர்னலை எழுதியவர்களுக்குத் தெரியாததல்ல. உறங்கும் டாஸ்க்குகளுக்கு இரண்டு பட்டியல் வைத்திருக்கிறார்கள்: இந்தச் சுற்றில் எழ வேண்டியவை ஒன்றில், அடுத்த சுற்றில் எழ வேண்டியவை மற்றதில். எண்ணி சுழியத்தைத் தொடும் கணத்தில் இரண்டும் இடம் மாறும். நீங்களோ மின்சாரம் மிச்சம் பிடிக்க ஒரு ஃபங்ஷனைச் செருகி, சிப் உறங்கிய நேரத்தை எண்ணியில் நேரடியாகக் கூட்டிவிட்டீர்கள். உறக்கத்துக்கு நடுவே எண்ணி திரும்பினால் அது சுழியத்தைத் தொடாமலே தாண்டிவிடுகிறது. பட்டியல் மாறுவதில்லை, டாஸ்க் எழுவதில்லை. அந்த நேரத்தில் விழித்திருந்த சாதனம் மட்டும் தப்பிக்கும்.

எண்ணியின் தொடக்க மதிப்பை மாற்றிச் சோதிக்க மூலக் கெர்னலில் ஒரு செட்டிங் உண்டு. உங்கள் பிரதி அதற்கும் முந்தையது. கடைசியில் நானே ஃபைலைத் திறந்து எண்ணியை நிரம்பும் நிலைக்குப் பக்கத்தில் வைத்து ஓட்டினேன். ஒரே நிமிடத்தில் நின்றது. நூறு நாள் தேடியது அது. எங்கே கைவைத்தோம் என்று நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தால் ஒரு மத்தியானத்தில் முடிந்திருக்கும்.

மாற்றங்களைத் தெரிவிக்க உரிமம் கட்டாயப்படுத்தவில்லை என்று உங்களிடமிருந்து ஒரு வரி பதில் வந்தது. நிபந்தனை குறைந்த எம்ஐடி உரிமத்தை மனதில் வைத்துச் சொல்லியிருப்பீர்கள். ஃப்ரீஆர்டிஓஎஸ்-க்கு அந்த உரிமம் வந்தது 2017-இல், பத்தாம் பதிப்போடு. உங்கள் பிரதி அதற்கு முந்தையது. ஃபைல்களின் தலையில் திருத்திய ஜிபிஎல் (இன்னொரு திறந்த மூல உரிமம்) இரண்டாம் பதிப்பு என்றுதான் இருக்கிறது. திருத்திய ஃபைலில் திருத்தியதையும் தேதியையும் பளிச்சென்று குறிக்க வேண்டும் என்பது ஜிபிஎல்லின் விதி. நீங்கள் திருத்திய ஃபைலில் புதிதாக இருப்பது உங்கள் லோகோ மட்டும்.

2003-இல் ரிச்சர்ட் பேரி தொடங்கிய கெர்னல் இது. இதே வகை இயங்குதளமான செஃபிர் 2016-லிருந்து இருக்கிறது. ஒரு காலத்தில் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த த்ரெட்எக்ஸ் கூட 2023-இல் எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குப் போய்த் திறந்த மூலமாகிவிட்டது. இலவசமாகக் கிடைப்பதை எடுத்து, மௌனமாக மாற்றி, 'முழுமையாகச் சோதிக்கப்பட்டது' என்று விளம்பரத்தில் போட்டுக்கொள்ளத் தனித் துணிச்சல் வேண்டும். எத்தனை நாள் சோதித்தீர்கள்? நாற்பத்தெட்டா?

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். உங்கள் சிப் நல்ல சிப். உறக்கத்தில் அது குடிக்கும் மின்சாரத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன், இன்னும் மாற்ற மனமில்லை. அந்த ஃபங்ஷனும் வேண்டாததல்ல. எண்ணி சுழியத்தைத் தாண்டும் இடத்தில் பட்டியலை மாற்ற நாலு வரி சேர்த்தால் போதும். அந்த நாலு வரியை இத்துடன் இணைத்திருக்கிறேன். எடுத்துக்கொள்ளுங்கள், என் பெயர்கூட வேண்டாம். ஆனால் மற்ற மாற்றங்கள் உங்களுக்கு மட்டுமே தெரியும். தயவுசெய்து அவற்றைத் தனி பேட்ச்சாக, மூலப் பதிப்பு எண்ணோடு வெளியிடுங்கள்.

அதுவரை இந்த டிக்கெட்டை ஒரு அறுபது நாளாவது திறந்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சிப்பை இன்னும் பயன்படுத்தும் ஒரு ஃபர்ம்வேர் எழுத்தன்