படுதாக் கயிறு

சயன் கோலிவாடா, மும்பை

அன்புள்ள பாப்பா,

நாங்கள் நலம். அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை. இட்லிப் பொடியும் நார்த்தங்காயும் கூரியரில் போட்டிருக்கிறோம். வந்து சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல். மூன்று ஞாயிற்றுக்கிழமையாக உன் போன் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று அம்மா சொல்கிறாள். தம்பி வேறு ஒன்று சொன்னான்.

நீ நாடகத்தில் அக்கமகாதேவியாக நடிக்கப் போகிறாய் என்றான். கடைசிக் காட்சியில் எப்படி நிற்கப் போகிறாய் என்பதையும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அவனைத் திட்டாதே. நான்தான் நோண்டி நோண்டிக் கேட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அன்று ராத்திரி தூக்கமில்லாமல் அக்கமகாதேவியைப் பற்றித் தேடிப் படித்தேன். கன்னடத்தில் சிவனைப் பாடியவள், 12-ஆம் நூற்றாண்டு. கௌசிக ராஜாவையும் அரண்மனையையும் உடுத்திய துணியையும் விட்டுவிட்டு, கூந்தலே மறைப்பாகக் கல்யாணபுரிக்கு நடந்திருக்கிறாள். துணியைத் துறந்தவள் கூந்தலால் மறைப்பது ஏன் என்று அங்கிருந்த ஞானி அல்லமப் பிரபு கேட்க, அது எனக்காக அல்ல, பார்க்கிற உங்களுக்காக என்கிற பொருளில் பதில் சொன்னாளாம். நம் காரைக்கால் அம்மையார் சதையையே உதறிவிட்டுப் பேய் வடிவம் கேட்டு வாங்கினாரே, அதுதான் ஞாபகம் வந்தது. நம் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய வேஷம் என்று நெஞ்சு நிறைந்தது உண்மை. உடனே உன் ஆபீஸ் ஞாபகமும் வந்துவிட்டது.

போன்தான் பாப்பா என் பயம். முக்கால் மணி நேரம் நீ பாடுபட்டு நடிப்பாய். எவனோ ஒருவன் ஐந்து நொடியை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொள்வான். நடிப்பே தொழிலாக இருக்கிறவர்களுக்கு அதைச் சொல்லிச் சமாளிக்க ஒரு வழி உண்டு. உங்கள் குழுவில் எல்லாரும் திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போகிறவர்கள். வாசலில் போனை வாங்கி வைக்கிறார்களா? பெங்களூரில் ரங்கசங்கரா நாடக அரங்கத்துக்கு என்னைக் கூட்டிப் போனாயே, இரண்டு நிமிஷம் தாமதமாகப் போனோம் என்று கதவைத் திறக்கவே இல்லை. அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது. போன் விஷயத்திலும் அதே கண்டிப்பு வேண்டும் என்று கேள்.

மணிப்பூரில் நாடக நடிகை சாவித்திரி அம்மா 2000-இல் 'திரௌபதி' நாடகத்தில் மேடையில் துணியைக் களைந்து நின்றார். ஐம்பது வயதைத் தாண்டியவர். எத்தனை பேர் ஏசினார்கள். நாலே வருஷத்தில், 2004 ஜூலையில், இம்பாலில் காங்லா கோட்டை வாசலில் தாய்மார்கள் பன்னிரண்டு பேர் அதே கோலத்தில் நின்று ராணுவத்தைக் கேள்வி கேட்டார்கள். சாவித்திரி அம்மாவை இயக்கியவர் அவருடைய கணவர் கன்ஹைலால். பல வருஷம் சேர்ந்து உழைத்தவர்கள். உன் இயக்குநரை உனக்கு எத்தனை மாதமாகத் தெரியும்? தப்பாகச் சொல்லவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

அந்தக் காட்சி ஒத்திகைக்குத் தேவையில்லாத ஆள் ஒருத்தரும் உள்ளே இருக்கக் கூடாது. எது தெரியும், எது தெரியாது, எத்தனை நொடி என்று எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள். பின்னாலிருந்து ஒரே விளக்கு போட்டால் நிழலே போதும், பார்க்கிறவன் மனசு மீதியை நிரப்பிக்கொள்ளும். இதை நானும் மேடை பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். நாடகத்தன்று சாயங்காலம் உனக்கு மனம் வரவில்லை என்றாலும் முடியாது என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு. எழுத்தில் வாங்கிக்கொள். போனை மறந்துவிடாதே.

எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பா ஏன் உனக்கு அப்படி வேற்று ஆளாகிவிட்டேன்?

மேடை பார்த்தவன் என்றேன் இல்லையா. அம்மாவுக்கே தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். 1981 பொங்கல் விழா நாடகம். படுதாக் கயிறு என் கையில். நாலு வீடு தள்ளி இருந்த அக்கா ஒருத்தி தாய் வேஷம். தட்டியில் துருத்திக்கொண்டிருந்த ஆணியில் முந்தானை மாட்டி, திரும்பின வேகத்தில் ரவிக்கையும் தோளிலிருந்து கிழிந்துவிட்டது. அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து இயக்குநர் இழுக்காதே என்று கை காட்டினார். இரண்டு வரி வசனம் பாக்கி. நான் இழுக்கவில்லை. விசில் அடித்தார்கள். ஒரு கையால் மார்பைப் பொத்திக்கொண்டு அந்த இரண்டு வரியையும் தப்பில்லாமல் சொல்லி முடித்துவிட்டுத்தான் அவள் உள்ளே போனாள். அப்புறம் ஒத்திகைப் பக்கமே வரவில்லை. தெருவில் அவள் வந்தால் நான் எதிர்ச்சாரிக்கு மாறிப் போவேன். ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போகிறவரை கேட்கவில்லை.

நீ எடுத்திருப்பது உன் முடிவு, அதையும் இதையும் ஒன்றாக்கக் கூடாது என்று புத்திக்குத் தெரிகிறது. ஆனாலும் தம்பி சொன்னதிலிருந்து அந்தக் கயிறு என் கையை அறுக்கிறது.

நான் வந்து பார்ப்பது உனக்குச் சங்கடம் என்றால் வரவில்லை. கடைசியில் விளக்கு அணைந்ததும் போர்வையோடு பக்கவாட்டில் தயாராக நிற்கப் போவது யார்? அந்தப் பெயரை மட்டும் எனக்கு எழுது.

அப்பா