நரம்பில் ஓடுவது வீட்டுக் கரண்ட் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பின் கேள்வி-பதில் பகுதியில் வலிப்பு பற்றி வந்ததைப் படித்தேன். "மூளையில் மின்சாரம் அதிகமாவதால்தான் வலிப்பு வருகிறது என்றால், கையில் இரும்புச் சாவியைக் கொடுத்ததும் அது எர்த் ஆகி வெளியேறிவிடும் என்று பெரியவர்கள் சொல்வது சரிதானே?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பதில் எழுதியவர் "அது மூடநம்பிக்கை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு ஸ்கேன், மாத்திரை என்று போய்விட்டார். எனக்கென்னவோ அந்த வாசகர் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் பட்டது. அதே பக்கத்தின் பெட்டிச் செய்தியில் நரம்புகள் எல்லாம் மின்கம்பி மாதிரி, மூளை ஸ்விட்ச் போர்டு மாதிரி என்று நீங்களே வண்ணப்படம் போட்டிருக்கிறீர்கள். கம்பி என்றால் எர்த் உண்டு, ஷாக் உண்டு, ஃபியூஸ் உண்டு. படத்தை நம்பி அவர் ஒழுங்காகத்தான் யோசித்திருக்கிறார். தப்பு படத்தில் இருக்கிறது.

நான் பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வுபெற்றவன். இந்தக் கம்பிப் படத்தை மாணவர்கள் மனதிலிருந்து அழிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், வெட்டிக்கொள்ளுங்கள்.

செம்புக் கம்பியில் எலக்ட்ரான்கள் கம்பியின் நீளவாக்கில் நகர்கின்றன. நரம்பில் முக்கியமான வேலை நடப்பது குறுக்குவாட்டில். நியூரானின், அதாவது நரம்பு செல்லின், நீண்ட வாலான ஆக்ஸான் மெல்லிய கொழுப்புச் சவ்வால் மூடிய ஒரு குழாய். அதற்கு வெளியே சோடியம் அயனிகள் (மின்னேற்றம் பெற்ற அணுக்கள்) உள்ளே இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் அதிகம், உள்ளே பொட்டாசியம் வெளியே இருப்பதைவிட முப்பது மடங்கு அளவுக்கு அதிகம். சும்மா இருக்கும்போது உள்பக்கம் வெளியைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். டிவி ரிமோட்டில் போடுகிற பென்சில் பேட்டரி 1,500 மில்லிவோல்ட், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஏதோ ஒரு தூண்டுதலால் இந்த வித்தியாசம் 70இலிருந்து 55 மில்லிவோல்ட்டாகக் குறைந்துவிட்டால் சவ்வில் இருக்கும் சோடியம் வாயில்கள் சடசடவெனத் திறக்கின்றன, வெளியே காத்திருந்த சோடியம் உள்ளே பாய்கிறது, ஒரு கணம் உள்பக்கமே நேர்மின்னாக மாறிவிடுகிறது. உடனே சோடியம் வாயில்கள் தானாக அடைத்துக்கொள்ள, பொட்டாசியம் வாயில்கள் திறந்து பொட்டாசியம் வெளியேற, பழைய நிலைக்குத் திரும்புகிறது. எல்லாம் சேர்த்து ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நேரம். இப்படி ஒரு இடத்தில் நடந்ததால் பக்கத்து இடம் தூண்டப்படுகிறது, அங்கே அதே கதை, அப்புறம் அதற்குப் பக்கத்தில்.

கம்பிக்குப் பதில் ஒரு படம் வேண்டுமென்றால் சரவெடி போடுங்கள். ஒரு வெடி அடுத்த வெடியைப் பற்றவைக்கிறது, ஆனால் ஒவ்வொன்றும் தன் மருந்தில்தான் வெடிக்கிறது, அதனால் கடைசி வெடியும் முதல் வெடி அளவுக்கே சத்தம் போடுகிறது. கால் கட்டைவிரலில் கிளம்பிய செய்தி முதுகுத்தண்டுக்கு வரும்போது தேயாமல் இருப்பது இதனால்தான். ஒரு வித்தியாசம், சரவெடி ஒருமுறைதான், நரம்பு சில மில்லிவிநாடியில் மறுபடி தயார். உள்ளே வந்த சோடியத்தை வெளியே தள்ள ஒரு பம்பு இருக்கிறது, மூன்று சோடியத்தை வெளியே அனுப்பி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். உடல் எடையில் 2 சதவீதமே இருக்கும் மூளை, நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூடச் செலவாகும் சக்தியில் 20 சதவீதத்தைத் தின்பதற்கு இந்தப் பம்பு ஒரு பெரிய காரணம்.

இதையெல்லாம் யாரோ ஊகித்துச் சொல்லவில்லை. கணவாய் மீனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஊசிக்கணவாயின் உடலில் தப்பி ஓடுவதற்கென்றே ஒரு ராட்சத ஆக்ஸான் இருக்கிறது, தடிமன் அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர்வரை, வெறும் கண்ணுக்குத் தெரியும். (நாம் வறுவல் போடும்போது அதையும் சேர்த்துத்தான் தின்கிறோம்.) 1939 கோடையில் இங்கிலாந்தின் பிளைமவுத் கடல் ஆய்வகத்தில் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் அந்த ஆக்ஸானுக்குள்ளேயே நீளவாக்கில் ஒரு மின்முனையைச் செருகி அளந்தார்கள். அதுவரை இருந்த கருத்து, தூண்டும்போது சவ்வு தற்காலிகமாக ஓட்டையாகி வித்தியாசம் பூஜ்யத்துக்கு வரும் என்பது. இவர்கள் பார்த்ததோ பூஜ்யத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் சுமார் 40 மில்லிவோல்ட் ஏறியதை. ஏன் என்று தேடுவதற்குள் உலகப்போர் வந்துவிட்டது, இருவரும் போர் வேலைக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்த பிறகு, கடல்நீரில் சோடியத்தைக் குறைத்தால் அந்த ஏற்றமும் குறைகிறது என்று 1949இல் ஹாட்ஜ்கினும் பெர்னார்ட் கட்ஸும் காட்டினார்கள். ஆக, ஏறுவதற்குக் காரணம் சோடியம்.

அப்புறம் 1952இல் வந்தது அந்தப் பெரிய வேலை. சோடியம் வாயில், பொட்டாசியம் வாயில் ஒவ்வொன்றும் எந்த வோல்ட்டில் எவ்வளவு வேகமாகத் திறக்கும், மூடும் என்பதைச் சமன்பாடுகளாக எழுதி, கையால் சுற்றும் கணக்குப்பொறியில் ஹக்ஸ்லி உட்கார்ந்து கணக்குப் போட்டார். இந்த ஆக்ஸானில் செய்தி விநாடிக்கு 18.8 மீட்டர் வேகத்தில் போக வேண்டும் என்று வந்தது கணக்கு. கணவாயில் அளந்தபோது 21.2 மீட்டர். வாயில்களின் நடத்தையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு உயிருள்ள நரம்பின் வேகத்தை இவ்வளவு பக்கத்தில் சொல்ல முடிந்தது உயிரியலில் அபூர்வம். 1963இல் இருவருக்கும் நோபல் பரிசு, கூடவே ஜான் எக்கில்ஸுக்கும்.

வேகத்தைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, கம்பிப் படம் உடைவது அங்கேயும்தான். கம்பியில் செய்தி ஒளியின் வேகத்தை எட்டிப்பிடிக்கிற கணக்கில் போகும். நம் நரம்பிலோ, மயலின் என்கிற கொழுப்பு உறை போட்ட அதிவேகமான நரம்பிலேயே, விநாடிக்குச் சுமார் 120 மீட்டர்தான். 1850இல் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் முதன்முதலாக அளந்தபோது 27 மீட்டர் அளவில்தான் வந்தது. அவருடைய ஆசான் முல்லர், இந்த வேகத்தை அளக்கவே முடியாமல் போகலாம் என்று நினைத்திருந்தவர். உறை போடாத வலி நரம்புகள் இன்னும் மோசம், விநாடிக்கு அரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர். கட்டில் காலில் விரல் இடித்தால் முதலில் சுரீர் என்றும், கொஞ்சம் பொறுத்து வேறுமாதிரியான எரிச்சலும் வருகிறதே, அது இரண்டு வகை நரம்புகளில் வந்த இரண்டு தபால்.

நியாயமாகச் சொல்லப்போனால் கம்பி உவமை முழுப் பொய்யும் இல்லை. மயலின் உறை போட்ட நரம்பில், உறை விட்டுப்போன ஒரு இடைவெளியிலிருந்து அடுத்த இடைவெளிவரை, ஒரு மில்லிமீட்டர் சொச்சம் தூரத்துக்கு, செய்தி கிட்டத்தட்டக் கம்பியில் போவது மாதிரிதான் போகிறது. கடலடித் தந்திக் கம்பிக்கு எழுதிய கணக்கையே நரம்புக்கும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அடுத்த இடைவெளியில் சோடியம் வாயில்கள் திறந்து செய்திக்குப் புது உயிர் கொடுக்காவிட்டால் சில மில்லிமீட்டரிலேயே அது செத்துவிடும். இதற்கு ஆதாரம் வேண்டுமென்றால் பல் டாக்டரிடம் போகலாம். அவர் மரத்துப்போகப் போடும் லிக்னோகைன் ஊசி நரம்பை வெட்டுவதில்லை, நசுக்குவதில்லை, சோடியம் வாயில்களை அடைக்கிறது, அவ்வளவுதான், பல்லைப் பிடுங்கினாலும் வலி மூளைக்குப் போகாது. செம்புக் கம்பியில் லிக்னோகைனைக் குடம் குடமாக ஊற்றினாலும் ஃபேன் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

சரி, வலிப்புக்கு வருவோம். அதற்கு ஒரு நியூரான் எப்படி முடிவெடுக்கிறது என்பது தெரிய வேண்டும். ஒரு செய்தி ஆக்ஸானின் கோடிக்கு வந்ததும் அடுத்த செல்லுக்கு நேரடியாகத் தாவுவதில்லை. நடுவில் சினாப்ஸ் என்கிற இடைவெளி, ஒரு மில்லிமீட்டரில் 50,000இல் ஒரு பங்கு அகலம். செய்தி வந்ததும் இந்தப் பக்கம் ஒரு ரசாயனம் கொட்டுகிறது, அது மறுகரையில் உள்ள வாயில்களைத் திறக்கிறது. 1921இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஓட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை வைத்துக்கொண்டு இதைக் காட்டினார். ஒன்றின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்து, அதைச் சுற்றியிருந்த திரவத்தை மட்டும் எடுத்து மற்றதில் விட்டார், அதுவும் மெதுவாகத் துடித்தது. கம்பி இல்லை, நரம்புத் தொடர்பு இல்லை, வெறும் திரவம். மூளைக்குள் அப்படி இருக்காது, அங்கே மின்சாரமே தாவுகிறது என்று மேலே சொன்ன எக்கில்ஸ் பல வருடம் வாதாடினார், 1951இல் தன் சோதனையே எதிராக வந்ததும் கட்சி மாறிவிட்டார். (மின்சாரமாகவே தாவும் சினாப்ஸ்களும் உண்டுதான், எண்ணிக்கையில் குறைவு.)

இந்த ரசாயனங்களில் குளூட்டமேட் "கிளம்பு" என்று தூண்டும், காபா "பொறு" என்று அடக்கும். நம் மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள், ஒவ்வொன்றின் மேலும் ஆயிரக்கணக்கான சினாப்ஸ்கள். நியூரான் இந்தத் தூண்டலையும் அடக்கலையும் நொடிக்கு நொடி கூட்டிக் கழித்து, எல்லையைத் தாண்டினால் ஒரு துடிப்பை அனுப்பும், தாண்டாவிட்டால் சும்மா இருக்கும். பாதித் துடிப்பு என்று ஒன்று கிடையாது. லேசான தொடுதலுக்கும் பலமான அழுத்தத்துக்கும் துடிப்பின் உயரம் ஒன்றுதான், எத்தனை தடவை என்பதுதான் மாறும், இதை 1920களில் எட்கர் ஏட்ரியன் கண்டுபிடித்தார்.

வலிப்பின்போது "மின்சாரம் அதிகமாவது" இல்லை. இந்தத் தூண்டல்-அடக்கல் கணக்கு ஒரு பகுதியில் குலைந்து, தனித்தனியாகத் துடிக்க வேண்டிய நியூரான்கள் கூட்டமாக ஒரே தாளத்தில் துடிக்கத் தொடங்குகின்றன. ஒவ்வொரு துடிப்பும் அதே பழைய, சுமார் 100 மில்லிவோல்ட் ஏற்ற இறக்கம்தான். தலைத்தோலில் இஇஜி (மூளையின் மின் அலைகளைப் பதியும் கருவி) வைத்துப் பார்த்தால், வலிப்பின் உச்சத்திலும் பதிவாவது வழக்கமாக ஒரு மில்லிவோல்ட்டுக்கும் கீழே. வெளியேற்றுவதற்கு அங்கே தேங்கிய கரண்ட் எதுவும் இல்லை, அயனிகள் சவ்வுக்கு இப்பக்கமும் அப்பக்கமும் போய்வருகின்றன, கைக்கு வந்து சாவியில் இறங்கும் வழியே கிடையாது.

இதெல்லாம் புரியாவிட்டாலும் பரவாயில்லை, ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். தங்கமும் வெள்ளியும் இரும்பைவிட நன்றாக மின்சாரம் கடத்தும். சாவி எர்த் ஆகும் என்றால், தங்க வளையலும் வெள்ளிக் கொலுசும் போட்ட எந்தப் பெண்ணுக்கும் வலிப்பே வரக்கூடாது.

பிறகு ஏன் சாவி கொடுத்ததும் நிற்கிறது? பெரும்பாலான வலிப்புகள் ஒன்று முதல் மூன்று நிமிடத்தில் தானாகவே நிற்கும். மூளையில் அடினோசின் என்கிற ரசாயனம் சேர்வது, அமிலத்தன்மை கூடுவது என்று அடக்கும் வழிகள் பல அதற்கு உண்டு. சாவி தேடி எடுத்து, மூடிய விரல்களைப் பிரித்துத் திணிப்பதற்குள் அந்த நேரம் ஆகிவிடுகிறது. ஒரு பள்ளியில் காலை வழிபாட்டின்போது ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்ததைப் பார்த்திருக்கிறேன். நாலு பக்கத்திலிருந்தும் சாவிக்கொத்து வந்தது, பைக் சாவி, பீரோ சாவி எல்லாம். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைக்க யாருக்கும் தோன்றவில்லை, எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் பார்த்தவர் ஒருவரும் இல்லை. பார்க்க வேண்டியதே அதைத்தான். ஐந்து நிமிடம் தாண்டினால் தானாக நிற்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும், உடனே ஆம்புலன்ஸ் வேண்டும்.

மாத்திரை விஷயத்திலும் கம்பிப் படம் கெடுதல் செய்கிறது. ஃபெனிடாயின், கார்பமசெபைன் போன்ற வலிப்பு மாத்திரைகள் அதே சோடியம் வாயில்களைத்தான் பிடிக்கின்றன, வேகவேகமாகத் திறந்து மூடுகிறவற்றை அதிகமாகப் பிடிக்கும், நிதானமாக வேலை செய்கிறவற்றை அவ்வளவாகத் தொடாது, அதனால்தான் மாத்திரை போட்டுக்கொண்டு ஒருவர் பரீட்சை எழுத முடிகிறது. அவசரத்துக்கு மூக்கில் அடிக்கும் மிடசோலம் காபாவின் கையை ஓங்கச் செய்கிறது. இவை ரத்தத்தில் இருக்கும்வரைதான் வேலை. "இப்போதுதான் வருவதில்லையே" என்று திடீரென நிறுத்துகிறார்கள், வலிப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பி வருகிறது, மருந்து சரியில்லை என்கிறார்கள்.

என் வேண்டுகோள் இரண்டு. அந்த வாசகருக்கு இன்னும் கொஞ்சம் விரிவாகப் பதில் போடுங்கள், அவர் கேட்டது நல்ல கேள்வி. இன்னொன்று, நவம்பர் 17 தேசிய வலிப்பு நோய் தினம், அன்றைய இதழில் ஒரு கட்டம் ஒதுக்கி இவ்வளவு மட்டும் போடுங்கள்: ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், தலைக்கு அடியில் துணி வையுங்கள், கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள், நேரத்தைக் குறியுங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108க்குப் போன் செய்யுங்கள். கட்டத்துக்குப் பக்கத்தில் படம் போடுவதாக இருந்தால், தயவுசெய்து ஸ்விட்ச் போர்டு வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
திண்டுக்கல்.