தாத்தாவின் ரைஃபிளைக் கேட்ட மாப்பிள்ளைக்கு

மாப்பிள்ளை,

பொங்கலுக்குப் பெங்களூர் அல்சூர் வீட்டுக்கு வந்தவன், பீரோவைத் திறந்ததும் "சும்மாதானே கிடக்கு, எனக்குக் குடுங்க மாமா" என்றாய். அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். சும்மாவா கிடக்கிறது?

வால்பாறை எஸ்டேட்டை விட்டுச் சீமைக்குக் கிளம்பிய துரை ஒருவரிடம் உன் தாத்தா வாங்கியது அது. .375 மேக்னம். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட்காரர்கள் 1912-ல் கொண்டுவந்த தோட்டா, ஆப்பிரிக்காவில் காட்டெருமைக்குப் போகிறவர்கள் இன்றைக்கும் நம்புவது. தோட்டா நுனிப்பக்கம் மெல்ல ஒல்லியாகிக்கொண்டே போகும், கொளுத்தும் வெயிலிலும் சிக்காமல், போல்ட்டை (குழலின் பின்பக்கத்தைத் திறந்து மூடும் கைப்பிடித் தண்டு) இழுத்ததும் வழுக்கி வெளியே வரத்தான் அந்த வடிவம். குண்டு மட்டுமே 19 கிராம்.

நான் சுட்டது ஒரே ஒரு தடவை. 1971, எனக்கு 15 வயது, எஸ்டேட்டுக்குப் பின்னால் ஒரு மண்மேடு. "தோளோடு அணைச்சுப் பிடிடா" என்று அப்பா சொன்னதைக் காதில் வாங்காமல் லேசாகப் பிடித்துக்கொண்டு விசையை அழுத்தினேன், சத்தம் கேட்டதா என்றுகூட நினைவில்லை, தரையில் உட்கார்ந்திருந்தேன். தோள் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. அப்பா சிரிக்கவே இல்லை, போல்ட்டைத் திறந்து காலித் தோட்டாவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மறுவருடம் வனவிலங்குச் சட்டம் வந்தது, வேட்டை முடிந்தது.

அப்புறம் என் பேருக்கு லைசென்ஸ் மாறியது. அன்றிலிருந்து நான் அதற்குக் காவல்காரன். 2018, 2019, 2023, 2024 என்று தேர்தல் வரும்போதெல்லாம் உறையில் போட்டு ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி, முடிந்ததும் திரும்ப நடந்து வாங்கி வர வேண்டும் (ஆட்டோக்காரர் ஒருவர் வீணையா என்று கேட்டார், ஆமாம் என்றேன்). ஒரு தடவை திரும்பி வந்தபோது குழல் மேல் யாரோ ஒருவரின் வியர்வைக் கட்டைவிரல் ரேகை, வரி வரியாக, அப்படியே துருவாகப் படிந்திருந்தது. எண்ணெயும் நைந்த பனியனுமாக மூன்று ராத்திரி தேய்த்தேன். முழுசாகப் போகவில்லை.

தரமாட்டேன் என்று சொல்லவில்லை. முதலில் உன் ஊரில் லைசென்ஸுக்கு எழுதிப் போடு, போலீஸ் விசாரணைக்கு வீட்டுக்கு வருவார்கள் என்று உன் அம்மாவிடம் நீயே சொல்லிக்கொள். மழைக்காலம் தொடங்குவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வா, குழலுக்குள் எண்ணெய்த் துணி விட்டு இழுக்க எனக்கும் இப்போது தோள் ஒத்துழைப்பதில்லை. அந்த ரேகையையும் காட்டுகிறேன்.

உன் மாமா