நீங்க யார் பக்கம், மிஸ்?

அன்புள்ள அம்முவுக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "மிஸ், இந்தப் போர்ல நீங்க யார் பக்கம்?" என்று உன் வகுப்பில் ஒரு பையன் எழுந்து கேட்டானாம். "போர்ஷன் முடிக்கணும், உட்காரு" என்று நீ மழுப்பிவிட்டாயாம். "பயந்துட்டேனாம்மா?" என்றாய். "விடுடி, தூங்கு" என்று வைத்துவிட்டேன். அப்புறம் எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

நான் பயப்படாமல் செய்த காரியம் ஒன்றைச் சொல்கிறேன், கேள். 2001 செப்டம்பர் 11. நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் சரிந்ததை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். மறுநாள் முதல் பீரியட் எனக்கு. பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அதைப் பற்றியே பேச ஆரம்பித்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட. பத்து நிமிஷம் போயிருக்கும். வகுப்பில் ஒரே ஒரு முஸ்லிம் பையன். நல்ல எண்ணத்தில்தான், அவனைப் பார்த்து "நீ என்னப்பா நினைக்கிறே?" என்றேன். நாற்பது தலைகளும் ஒன்றாக அவன் பக்கம் திரும்பின. அவன் பேனா மூடியைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான். "ஒண்ணும் நினைக்கல மிஸ்." அந்த வருஷம் முடிகிறவரை என் வகுப்பில் அவன் கையே தூக்கவில்லை. எங்கோ யாரோ செய்த கொலைக்குப் பன்னிரண்டு வயசுப் பிள்ளையைக் கூண்டில் ஏற்றியிருக்கிறேன் என்று உறைக்க எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

அதற்காகப் பேசாமல் இருந்துவிடாதே. நீ பேசாவிட்டால் செல்போன் பேசும். முதலில் அவர்கள் காதில் என்ன விழுந்திருக்கிறது என்று பார். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடு, பேர் எழுத வேண்டாம் என்று சொல். என்ன கேள்விப்பட்டாய், என்ன கேட்கணும், அவ்வளவுதான். 2003இல் இராக் போர் தொடங்கிய வாரம் அப்படிச் செய்தேன். சதாம், எண்ணெய், ஐ.நா. என்று பக்கம் பக்கமாகக் குறிப்பு எடுத்துப் போயிருந்தேன். முதலில் பிரித்த சீட்டில் பென்சிலால் எழுதியிருந்தது: "குண்டு குவைத்துக்கும் போகுமா? அப்பா அங்கதான் இருக்காரு." 'போகாது' என்று பொய் சொல்ல வாய் வரவில்லை. மேப்பை விரித்தோம், தூரம் பார்த்தோம், போர் நடக்கும்போது ஜனங்கள் எப்படித் தங்களைக் காப்பாற்றிக்கொள்வார்கள் என்று பேசினோம். குறிப்பெல்லாம் பைக்குள்ளேயே கிடந்தது.

இனி உன் 'பக்கம்' விஷயம். 1976இல் மேற்கு ஜெர்மனியில் பொய்டெல்ஸ்பாக் என்ற ஊரில், வகுப்பில் அரசியல் பேசுவது பற்றி முட்டிக்கொண்டிருந்த கல்வியாளர்கள் கூடினார்கள். அதிலிருந்து பிறந்த மூன்று விதிகளைத்தான் அந்த நாட்டில் இன்றும் சொல்கிறார்கள். மாணவனை உன் கருத்தால் அமுக்காதே. வெளியே சர்ச்சையாக இருப்பது வகுப்பிலும் சர்ச்சையாகவே இருக்கட்டும். தன் நிலைமையையும் தன் நலனையும் அவனே அலசிப் பார்க்கக் கற்றுக்கொள்ளட்டும். டீச்சருக்குக் கருத்தே இருக்கக்கூடாது என்று இதில் எங்கும் இல்லை. (நடுநிலை என்று பேர் வைத்து வாயை மூடிக்கொள்கிறவர்கள் ஸ்டாஃப் ரூமில் நிறையப் பேர்.) ஆனால் எல்லாவற்றையும் சர்ச்சையாக்கிவிடாதே. தப்பு யார் மேல் என்று அவர்கள் வாதாடலாம். ஆஸ்பத்திரி மேல் குண்டு விழுந்ததா இல்லையா என்பதற்குப் பட்டிமன்றம் எதற்கு? அது தேடித் தெரிந்துகொள்கிற சங்கதி.

அந்தப் பையனிடம், "எனக்கும் ஒரு கருத்து இருக்கு, நீங்க பேசி முடிங்க, கடைசியில சொல்றேன்" என்று சொல்லியிருக்கலாம். மார்க் போடுகிற கை உன்னுடையது என்று அவர்களுக்குத் தெரியும். நீ முதலில் சொன்னால் முக்கால்வாசிப் பேர் உன் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். சொல்ல விருப்பமில்லை என்றால், சொல்லப்போவதில்லை என்று நேராகவே சொல்லிவிடு.

ஹெச்.எம். காதில் முன்கூட்டியே போட்டு வை. யாராவது அப்பா அம்மா வந்து நின்றால் அவர் முழிக்கக்கூடாது.

அப்புறம் அந்தச் சீட்டுகள். வீட்டுக்கு எடுத்துவந்து, கையெழுத்தை வைத்து எது யாருடையது என்று தேடத் தோன்றும். தேடாதே. நான் தேடினேன், கண்டும் பிடித்தேன். மறுநாள் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து சாதாரணமாக அட்டெண்டன்ஸ்கூட எடுக்க முடியவில்லை.

அம்மா