நன்றி நவிலல்: உயிரோடு இருக்கிறவள் எழுதுவது

எங்களூரில் நன்றி நவிலல் என்றால் 31ஆம் நாள் நோட்டீசில், மாலை போட்ட படத்துக்குக் கீழே வருவது. இந்த மடல் அப்படியில்லை. படத்தில் வரவேண்டியவளே எழுதுகிறாள். மார்ச் மாதம் எனக்குத் தலையில் ஒப்பரேசன் நடந்தது. மட்டக்களப்புக் கல்லடியில் பாதிப் பேருக்கு அது தெரியும். மீதிப் பேர் நான் வெளிநாடு போய்விட்டதாக நினைத்திருக்கிறார்கள்.

முதலில் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்த பக்கத்து வீட்டு மச்சாளுக்கு. சட்டைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். வலது பெருவிரல் தானாகத் துடித்தது. பிறகு கை முழுக்க, பிறகு வாய்க்கோணம். துணி ஊசிக்குக் கீழே கோணலாக ஓடியதுவரைதான் ஞாபகம். அதற்கு நாலு மாதம் முன்பே ஊசியில் நூல் கோர்க்கக் கஷ்டப்பட்டேன். ஓரிடத்தில் தோள் நரம்பு என்று எண்ணெய் தந்தார்கள், இன்னோரிடத்தில் கண்ணாடி மாற்றச் சொன்னார்கள். சரி, அதை விடுவோம். சுவசெரிய அம்புலன்சில் வந்த இரண்டு தம்பிமாரும் ‘கை முதலில் துடித்ததா, முகம் முதலில் துடித்ததா’ என்று மச்சாளிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். இந்த நேரத்தில் இது என்ன கேள்வி என்று அவளுக்குக் கோபமாம். ஸ்கேன் எடுத்தபோது தலையின் இடது பக்கத்தில், வலது கையை ஆட்டுவிக்கும் இடத்துக்கு மேலே கட்டி இருந்தது. வலிப்பு தொடங்கிய இடமே வழி காட்டியிருக்கிறது.

அடுத்தது கொழும்பு பெரியாஸ்பத்திரி வாட்டில் இருந்த, நம்ம பக்கத்துச் சின்ன டொக்டர் தம்பிக்கு. பெரிய டொக்டர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பொறுமையாகத்தான் விளக்கினார். என் வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நான் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று விட்டேன். மூளையைத் திறந்தால் புத்தி பேதலித்துவிடும், பிள்ளைகளை மறந்துவிடுவேன் என்று பயம். அன்று பின்னேரம் அந்தத் தம்பி வந்து கட்டில் ஓரத்தில் நின்று கேட்டார்: “அக்கா, நுங்கு தோண்டித் தின்றிருப்பீங்கதானே? அதுக்கு மேல ஒரு தோல் இருக்குமே, கட்டி அந்தத் தோலில முளைச்சது. நுங்குக்குள்ள இல்ல. ஆனா மேல இருந்து அமத்துது.”

அதன் பெயர் மெனிஞ்சியோமா என்றார். பெண்களுக்குத்தான் கூட வருமாம், பெரும்பாலும் புற்றுநோய் இல்லையாம். மூளைக்கு நோவே தெரியாது, நோவெல்லாம் மேல்தோலுக்கும் அந்தச் சவ்வுக்கும்தான் என்றபோது என்னால் நம்ப முடியவில்லை. வெட்டியெடுக்கும் மண்டையோட்டுத் துண்டை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். வேலை முடிந்ததும் அதே இடத்தில் பொருத்தி, சின்ன டைட்டேனியம் தகடும் திருகாணியும் போட்டு இறுக்குவார்களாம். கழுத்துப் பட்டி வைப்பதுபோல என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. கை இன்னும் பலவீனமாகலாம், சிலருக்கு அது திரும்பாமலும் போகலாம், இரத்தம் கசியலாம், கிருமி தொற்றலாம் என்று எல்லாம் சொன்னார். வந்தவர் போனவர் எல்லாரும் “ஒண்டும் ஆகாது” என்றபோது வராத தைரியம் அதைக் கேட்ட பிறகுதான் வந்தது. கையெழுத்து வைத்தேன். கை நடுங்கியதால் கோழி கிளறியது மாதிரி இருந்தது.

ஒப்பரேசனுக்குப் பிறகு மணிக்கு மணி எழுப்பி, கண்ணில் டோர்ச் அடித்து, விரலைப் பிடித்து நெரிக்கச் சொன்ன தாதி மிஸ்மாருக்கும் நன்றி. அப்போது நன்றி வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. உள்ளே இரத்தம் கசிந்தாலோ வீக்கம் கூடினாலோ முதலில் மங்குவது நினைவுதான், அதனால்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று பிறகுதான் விளங்கியது. ஓர் இரவு ஒரு மிஸ் சிங்களத்தில் “கொஹேத இன்னே?” என்றார். எந்த ஊர் என்று கேட்கிறாராக்கும் என்று “மட்டக்களப்பு” என்றேன். இப்போது எங்கே இருக்கிறாய் என்பதல்லவா கேள்வி! அவர் ஓடிப்போய் டொக்டரைக் கூட்டி வந்துவிட்டார். பக்கத்துக் கட்டிலில் உம்மாவுக்குத் துணை நின்ற காத்தான்குடி ராத்தாதான் சிங்களத்தில் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார். ராத்தா, உங்கள் உம்மாவுக்கு இப்போது எப்படி?

இரத்தம் கொடுத்த ஓட்டோ ஸ்டாண்ட் பிள்ளைகளுக்கு, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அக்காவுக்கு. வீக்கம் குறையத் தந்த டெக்சாமெதசோன் குளிசையால் நித்திரை போய் அகோரப் பசி வந்தபோது, இரவு இரண்டு மணிக்கும் முகம் கோணாமல் பிட்டு அவித்துத் தந்த மாமிக்கு. முகம் வீங்கி, கண்ணாடியில் என்னையே எனக்கு அடையாளம் தெரியாத நாட்களில் “நல்லாத்தான் இருக்கிறாய்” என்று பொய் சொன்னவரும் மாமிதான்.

பரிசோதனை முடிவு முதலாம் தரம் என்று வந்தது, அதாவது சாதுவான கட்டி. வலிப்புக் குளிசை இன்னும் நிற்கவில்லை, ஸ்கேனுக்கு மறுபடி போக வேண்டும். தையல்காரியின் தலைக்குத் தையல் போடாமல் ஸ்டேப்பிள் அடித்தார்களே என்பது மட்டும் கொஞ்சம் மனக்குறை.

போன கிழமை முதல் தடவையிலேயே ஊசியில் நூல் கோர்த்தேன். சித்திரை வருஷத்துக்கென்று சட்டைத்துணி தந்துவிட்டு, ஒரு தரமாவது கேட்காமல் பொறுத்திருந்த பதினொரு பேருக்கும் நன்றி. ஏழு சட்டை தைத்து வைத்திருக்கிறேன். வலிப்பு வந்ததால் ஸ்கூட்டி ஓட இப்போதைக்கு விடமாட்டார்கள். அதனால் வீட்டுக்கு வந்து எடுங்கள். செவ்வாய்க்கிழமை கிளினிக், மற்ற நாட்களில் மெஷினடியில்தான் இருப்பேன்.