உன் போகன்வில்லா ஏன் பூக்கல

பாப்பா,

நீ அனுப்புன போட்டோவ பெருசாக்கி பாத்தேன். செடிக்கு நோயெல்லாம் ஒண்ணும் இல்ல, பயப்படாத. இலையெல்லாம் கரும்பச்சையா தளதளன்னு இருக்குல்ல, அதான் விஷயமே. தினமும் தண்ணி, மாசாமாசம் உரம்னு ஊட்டி விட்டா அது எதுக்கு பூக்கணும், ஜாலியா கொடியும் இலையுமா வளந்துட்டே போகும்.

மொதல்ல தண்ணிய குறை. விரல மண்ணுக்குள்ள விட்டு பாரு, மேல ரெண்டு இஞ்ச் நல்லா காஞ்சிருந்தா மட்டும் ஊத்து, ஊத்துறப்போ அடி ஓட்டை வழியா வெளிய வர்ற அளவுக்கு ஊத்து, ஆனா தட்டுல தேங்குனத உடனே கொட்டிடு. வேர் அழுகுனாலும் செடி வாடித்தான் நிக்கும், அதனால வாடுன இலைய பாத்ததும் பதறி தண்ணிய எடுக்காத, மண்ண தொட்டு பாத்துட்டு முடிவு பண்ணு. நைட்ரஜன் கூடுதலா இருக்குற உரத்தை நிறுத்திடு, அது இலைக்குத்தான் போகும். வெயில் மட்டும் தாராளமா குடு, நேரடி வெயில் 5, 6 மணி நேரமாவது வேணும். ஜன்னலுக்கு உள்ள வெளிச்சம் வருதேன்னு சொல்லாத, அது பத்தாது.

அப்புறம் கத்திரி. பூ வர்றது புதுசா வந்த கொப்புலதான், அதனால ஒரு தடவ பூத்து ஓஞ்சதும் நீட்டமா போன கொப்பையெல்லாம் மனசு இரங்காம வெட்டு. கையுறை போட்டுக்கோ, முள்ளு இலைக்கடியில ஒளிஞ்சிருக்கும்.

பூத்ததும் கிட்ட போய் பாரு. நாம பூன்னு நினைக்கிற அந்த கலர் காகிதம் மாதிரி இருக்குறது இதழே இல்ல, அது ஒரு வகை இலை, நடுவுல சின்னதா வெள்ளையா குழாய் மாதிரி மூணு நிக்கும் பாரு, அதுதான் நிஜப் பூ. அந்த கலரும் ரோஜாவுல இருக்குற சாயம் கிடையாது, பீட்ரூட்டுல இருக்குற வகை. நம்ம அந்திமந்தாரையும் இதுவும் ஒரே குடும்பம்னா நம்புவியா?

ஊரு தென் அமெரிக்கா. 1767ல பூகன்வில்னு ஒரு பிரெஞ்சு கப்பல் தலைவரோட பயணத்துல, கொமெர்சோன்ங்கிற தாவர ஆராய்ச்சியாளர் ரியோ டி ஜெனிரோ பக்கம் இத சேகரிச்சாரு. அவரு கூட உதவிக்கு போனது ழான் பாரே, பொம்பளைங்க கப்பல்ல ஏறக்கூடாதுன்னு இருந்ததால ஆம்பள வேஷம் போட்டு போனவங்க. உலகத்த கப்பல்ல சுத்துன மொத பொண்ணா பதிவானது அவங்கதான், ஆனா செடிக்கு பேரு கப்பல் தலைவருக்கு போயிடுச்சு, எனக்கு இது இன்னும் ஆறல.

தொட்டி மாத்தவான்னு கேட்டியே, இப்போ வேணாம். வேர் கொஞ்சம் நெருக்கமா இருந்தாதான் இது நல்லா பூக்கும், வேரும் ரொம்ப மெலிசு, மண்ண உதறுனா அறுந்துடும். மாத்தியே ஆகணும்னு வந்தா மண்கட்டி உடையாம அப்படியே தூக்கி வை, அதுக்கு முன்னாடி எனக்கு போன் பண்ணு.

அம்மா